அப்பளத்தில் தெரிந்த நிலா

செல்போனில் எங்களுக்கென்று ஒரு குரூப் இருக்கிறது. அதன் பெயர் 'தண்ணி விழுதா?'. மொத்தம் பதினான்கு பேர். எல்லாரும் தென்காசியிலும் சுற்றுவட்டாரத்திலும் சின்னச் சின்னத் தொழில் செய்கிறவர்கள். சீசன் வந்துவிட்டால் காலையில் குற்றாலத்துக்குப் போய் ஒரு குளியல் போட்டுவிட்டு வந்துதான் கடையைத் திறப்போம். முதலில் போய்ச் சேருகிறவர் அருவியைப் படம் எடுத்து குரூப்பில் போட வேண்டும். 'மெயின் அருவியில் தடை. ஐந்தருவி நல்லா விழுது. கூட்டம் இல்லை.' இவ்வளவுதான் செய்தி. அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் வண்டியை எடுப்பார்கள். குரூப்பை ஆரம்பித்ததே அதற்காகத்தான்.

பிள்ளைகளே, அருவியில் தண்ணீர் இருக்கிறவரைக்கும் அந்தக் குரூப்பில் சண்டையே வராது. மாசி பிறந்து பாறை காய ஆரம்பிக்கும்போதுதான் வரும். சொல்வதற்குத் தண்ணீர்ச் செய்தி இல்லாமல் போனதும் யாராவது ஒரு ராக்கெட் வீடியோவைப் போடுவார்கள். அவ்வளவு தூரம் போய் என்ன கொண்டுவரப் போகிறார்கள் என்று இன்னொருவர் கேட்பார். செவ்வாயில் மனிதன் குடியேறினால் அங்கே ரேஷன் கார்டு யார் கொடுப்பார்கள் என்று ஒருவர் ஆரம்பித்து, அது மூன்று நாள் ஓடியது. கம்ப்யூட்டரே பாட்டு எழுதினால் அந்தப் பாட்டு கம்ப்யூட்டருக்குச் சொந்தமா, கரண்டு பில் கட்டினவனுக்குச் சொந்தமா என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டோம். எங்களில் யாரும் ராக்கெட்டைத் தொட்டவர்கள் இல்லை. ஆனாலும் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் உள்ளே இருக்கும் பழைய காயிலை வெட்டி எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் வேலை. கம்பி சுற்றிச் சுற்றித் தடித்துப்போன விரலால் போனில் எழுத்தைத் தேடி ஒரு வரி அடிப்பதற்குள் பேச்சு செவ்வாயிலிருந்து சொதி சாப்பாட்டுக்குப் போயிருக்கும். அதனால் நான் சொல்லச் சொல்ல, ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் அடிப்பாள். சில சமயம் நான் சொல்வதை அப்படியே அடிக்க மாட்டாள்.

"அப்பா, இது தப்பு. சூரியனுக்கு ராத்திரி போனாலும் சூடாத்தான் இருக்கும்."

"சரி, நீ திருத்தி அடிச்சிரு."

இப்படி, குரூப்பில் எனக்கு இருந்த நல்ல பெயரில் பாதி அவளுடையது.

அவளுக்கு நிலாவின் மேல் ஒரு கிறுக்கு. நாற்பது பக்க நோட்டு ஒன்றில், நிலா தெரிகிற நேரம் பார்த்து மொட்டைமாடிக்குப் போய் அன்றைய நிலாவைப் பென்சிலால் வரைந்து, எந்தத் திசையில் எத்தனை மணிக்குப் பார்த்தாள் என்று எழுதி வைப்பாள். மேகமாக இருந்தால் 'மேகம்' என்று எழுதுவாள். அந்த மாசி பௌர்ணமி அன்று விளக்கு வைத்ததும், என் மனைவியின் புதுப் போனை வாங்கிக்கொண்டு மேலே போனாள். அரைமணி கழித்து இறங்கி வந்து படத்தைக் காட்டினாள். நான் அசந்துபோனேன். நிலாவில் இருக்கிற பள்ளமும் மேடும் தோசைக்கல்லில் தோசையைப் பார்க்கிற மாதிரி அவ்வளவு தெளிவு.

"நீயா எடுத்த?"

"பின்ன யாரு எடுப்பா? கை ஆடக்கூடாதுன்னு தண்ணித் தொட்டி மேல வச்சு எடுத்தேன்."

பெருமை தாங்காமல் உடனே குரூப்பில் போட்டேன். 'என் மகள் எடுத்தது' என்று அந்த ஒரு வரியை மட்டும் நானே அடித்தேன். கைதட்டுகிற பொம்மைகளாக வந்து குவிந்தன. அச்சன்புதூர் பக்கம் பிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை வைத்திருக்கும் அண்ணாச்சி குரல்பதிவு அனுப்பினார். "வே, பிள்ளைய ராக்கெட்ல ஏத்தி அனுப்பினீரா, இல்ல ஏணி வச்சு ஏத்தினீரா?"

அடுத்த வாரம் அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. அந்தப் படத்தை வைப்பதாகப் பெயர் கொடுத்திருந்தாள். 'இங்கு வைக்கப்படுவது என் மகன் / மகள் தானே உருவாக்கியது என உறுதி அளிக்கிறேன்' என்று ஒரு தாள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். நான் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, மகன் என்பதை அடித்து, பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை அதைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை ஒரு மோட்டாரை இறக்குவதற்காக நான் சுந்தரபாண்டியபுரம் போனேன். போகிற வழியில் ஒரு மண்டபத்து வாசலில் காதணி விழா போர்டு நின்றது. பெரிய நிலா. நிலாவுக்கு நடுவில் மொட்டை போட்ட ஒரு குழந்தையின் முகம். சுற்றிலும் தாய்மாமன்மார் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கும்பிட்டபடி மிதந்துகொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அது என் மகள் எடுத்த நிலாதான். போர்டின் கீழ் மூலையில் அண்ணாச்சியின் கடைப் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் மகள் கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்தேன். "அடி, சொல்லுதேன்" என்றேன். 'பிள்ளை எடுத்த படத்தை ஒரு வார்த்தை கேக்காம போர்டு அடிச்சது சரியா அண்ணாச்சி? இதுக்குக் காப்பிரைட்டுன்னு சட்டம் இருக்கு.'

அண்ணாச்சி எழுதுகிற ஆள் இல்லை. குரல்பதிவாகவே வந்தது. "குரூப்ல போட்டா பொதுதானவே. நிலா என்ன உம்ம வீட்டுப் பத்திரத்துல இருக்கா?"

'அப்பம் நீங்க குரூப்ல போட்ட உங்க அறுபதாம் கல்யாண போட்டோவை நான் எடுத்து என் கடையில மாட்டட்டுமா?'

"மாட்டும். மோட்டார் எரியாம இருக்கும்."

இப்படியே போயிற்று. ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். அருவியைப் படம் எடுத்தால் அருவி யாருக்குச் சொந்தம் என்று ஒருவர். குரங்கு போனைப் பிடுங்கித் தன்னையே படம் எடுத்துக்கொண்டால் உரிமை குரங்குக்கா, போன்காரனுக்கா என்று ஒருவர். குற்றாலத்தில் அது நடக்கக்கூடியதுதான் என்பதால் அதற்கு நிறையப் பதில் வந்தது. நான் சொல்லச் சொல்ல மகள் அடித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வேறு.

அப்போது என் மைத்துனன், மனைவியின் தம்பி, ஒரு செய்தி போட்டான். செங்கோட்டையில் போன் சரிசெய்கிற கடை வைத்திருப்பவன். மகள் வழக்கம்போல சத்தமாக வாசித்தாள். 'ரெண்டு பேரும் சண்டை போடாதீய. அந்த நிலா பிள்ளை எடுத்ததே இல்லை. இந்த மாதிரிப் போன்ல நிலாவைக் கண்டா போனே பள்ளம் மேடெல்லாம் வரைஞ்சு சேத்துரும். அக்கா போன் வாங்குறப்பவே எனக்குத் தெரியும்.'

கடைசி வரியை வாசிக்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. போனை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அப்பம் நான் எடுத்தது எதுப்பா?" என்று கேட்டாள்.

"அவன் கெடக்கான். பொறாமை" என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும். அன்றைக்கு ராத்திரி அவள் மாடிக்குப் போகவில்லை. நோட்டில் 'மேகம்' என்றுகூட எழுதவில்லை. என் மனைவிதான் சொன்னாள். "அவன்கிட்ட கேட்டு நிரூபிக்கச் சொல்லுங்க. இல்லன்னா பிள்ள இப்படியே இருப்பா."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கடையில் கூடுவதாக முடிவாயிற்று. மைத்துனன் வந்தான். கூப்பிடாமலே அண்ணாச்சியும் வந்தார். வரும்போதே நல்ல குஷி. "போன் வரைஞ்சதுன்னா நான் கள்ளன் இல்ல பாத்துக்கிடும்" என்றார். கையில் ஒரு பிளெக்ஸ் சுருள். பிரித்தார். வட்டமாக வெட்டிய நிலா. என் மகளின் அதே படம்.

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, நிலா இல்லாத ஒண்ணைக் காட்டி போன் ஏமாறுதான்னு பாக்கணும். நீங்க நிலாவையே கொண்டாந்தா எப்படி?"

"வட்டமா வெள்ளையா வேணும்னு குரூப்ல நீதானலே சொன்ன?"

வட்டமாக வெள்ளையாக வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தோம். பேரிங் வட்டம்தான், ஆனால் நடுவில் ஓட்டை. இட்லி என்றார் அண்ணாச்சி. அதற்குப் பின்னால் விளக்கு வைத்தால் வெளிச்சம் வராதே என்றான் மைத்துனன். மகள் அதுவரை ஒரு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "அப்பளம்" என்றாள்.

எதிர்க்கடையில் ஒரு கட்டு அப்பளம் வாங்கினோம். ஒன்றை எடுத்து கம்பியில் கோத்துக் கடையின் கடைசிச் சுவரில் தொங்கவிட்டேன். அதற்குப் பின்னால் ஒரு டார்ச் லைட். ஷட்டரை இறக்கியதும் உள்ளே நல்ல இருட்டு. மகள் வாசல் பக்கம் நின்று அம்மாவின் போனில் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தாள். சீரகம் தெரிந்தது. அப்பளம் அப்பளமாகவே வந்தது.

"பாத்தியா" என்றேன் மைத்துனனிடம். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

"ரொம்பத் தெளிவா தெரியுது அத்தான். கொஞ்சம் மங்கலாக்கணும்" என்றான். காயிலுக்கு நடுவில் கரண்டு தாண்டாமல் இருக்க நாங்கள் செருகுகிற பால்நிறத் தாள் ஒன்று உண்டு. அதில் ஒரு துண்டு வெட்டி அப்பளத்துக்கு முன்னால் ஒட்டினேன். இப்போது சீரகம் போய், வெறும் வெள்ளை வட்டம். மகள் மறுபடி எடுத்தாள். திரையில் முதலில் மங்கலாகத்தான் இருந்தது. ஒரு நொடிதான். பிறகு நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பளத்தில் பள்ளம் விழுந்தது. மேடு வந்தது. எங்கள் மொட்டைமாடியில் தெரிந்த அதே நிலா என் கடைச் சுவரில் உதித்தது.

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு கட்டுல இருவது நிலாவே" என்றார். பிறகு என் மகளின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, சுருளை எடுத்து ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்தார்.

அவள் அழவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை" என்றாள். எடுத்தாள். "மாமா, அதுல ஒரு ஓரத்தை உடைங்க." மைத்துனன் உடைத்து, உடைத்த துண்டை வாயில் போட்டுக்கொண்டான். எடுத்தாள். உடைந்த இடம் உடைந்தபடியே இருக்க, மிச்சத்தில் பள்ளம் விழுந்தது. இன்னும் கொஞ்சம் உடைக்கச் சொன்னாள். பாதியானதும் போனுக்குக் குழப்பமாகிவிட்டது. சில தடவை நிலா, சில தடவை அப்பளம். தலைகீழாகத் தொங்கவிட்டாள். டார்ச்சை நகர்த்தினாள். மூன்று அப்பளம் காலியாயிற்று. கடைசியில் அண்ணாச்சியும் அவளும் சேர்ந்து, "ஏட்டி, அதைக் கொஞ்சம் எடப்பக்கம் தள்ளு", "நீங்க நிழலடிக்கீங்க, நகருங்க" என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளே, அடுத்து நான் சொன்னதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். "சரி, இது நம்ம நாலு பேருக்குள்ள இருக்கட்டும். தாள் குடுத்தாச்சு. பள்ளிக்கூடத்துல யாரு அப்பளத்தைக் கட்டித் தொங்கவிட்டுப் பாக்கப் போறா?" என்றேன். அவள் பெருமை கெடக்கூடாது என்றுதான் சொன்னேன். யாருடைய பெருமை என்று இப்போது கேட்டால், என்னுடையதும் அதில் இருந்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கப்பா" என்றாள்.

"தெரியாமத்தான போட்டேன்."

"இப்பம் தெரியும்லா."

மைத்துனன் இன்னொரு துண்டு அப்பளத்தை மெல்லுவதுபோல இருந்தான். நான் ஷட்டரைத் தூக்கினேன். வெளிச்சம் உள்ளே வந்தது.

என் கடையில் வேலை முடிந்த மோட்டார்களைச் சுவரோரம் வரிசையாக வைத்திருப்பேன். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டைச் சீட்டு தொங்கும். 'காயில் புதுசு. பேரிங் பழசு. கப்பாசிட்டர் பழசு' என்று எழுதி, கீழே என் கையெழுத்து. நாலு மாதம் கழித்து மோட்டார் நின்றுபோனால், நான் மாற்றாத சாமானுக்கு என்னைப் பிடித்துச் சண்டை போடக்கூடாது. நான் செய்த வேலையை இன்னொருவன் தன் வேலை என்று சொல்லவும் கூடாது. அதற்காக நான் வைத்திருக்கும் வழக்கம். மகள் அதில் ஒரு சீட்டைக் கையில் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒண்ணு வெறும் சீட்டு குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். ஸ்டூலில் வைத்து எழுதினாள். 'நிலாவைப் பார்த்தது: நான். நேரம், இடம், தண்ணீர்த் தொட்டி: நான். பள்ளமும் மேடும்: போன்.' இன்னொரு சீட்டு கேட்டாள். அதில் எழுதினாள். 'அப்பளம் என்ற யோசனை: நான். மங்கலாக்கும் யோசனை: மாமா. தாள்: அப்பா. நிலா: போன்.'

"நான் ஒண்ணுமே செய்யலியா?" என்றார் அண்ணாச்சி.

"நீங்க நிலாவையே கொண்டாந்தீங்க."

"அதையும் எழுது. நாளைக்கு ஒருத்தரும் அந்தத் தப்பைச் செய்யாம இருப்பாவள்லா."

எழுதினாள். நான் அவளை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அவளோடு நானும் போய், ஆசிரியையிடம் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்பளத்தையும் கொண்டு வருவாளா?" என்று கேட்டார். புதுத் தாள் கொடுத்தார். 'தானே உருவாக்கியது' என்கிற இடத்துக்குப் பக்கத்தில் 'சீட்டில் உள்ளபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை பேனாவை அவ்வளவு அழுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். பள்ளத்தோடு தெரிகிற அப்பளத்தையும், பள்ளம் இல்லாத அப்பளத்தையும், நிலாவையும் ஒரே பிளெக்ஸில் பெரிதாக அடித்துத் தருவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, என்னிடம் அல்ல, அவளிடம் கேட்டார். "ஏட்டி, அடிச்சுக்கிடலாமா?"

அவள் சம்மதம் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். வேண்டுமென்றேதான். "காதணி விழா போர்டு?" என்றாள்.

"அதை நேத்தே எறக்கியாச்சு. விழா முடிஞ்சதுனால" என்றார் அண்ணாச்சி. பிறகு, "அடுத்ததுல கேட்டுட்டுப் போடுதேன்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் வராது. அவளுக்கு அது போதும் என்று தெரிந்தது.

பிளெக்ஸ் கடைக்காரர்களுக்குக் கீழ் மூலை என்பது சும்மா இல்லை. எந்தப் போர்டானாலும் அந்த மூலையில் தன் கடைப் பெயரைப் போடாமல் அண்ணாச்சி விட்டதில்லை. தன் மகன் கல்யாணப் போர்டிலேயே போட்டவர். கண்காட்சிக்கு வந்த பிளெக்ஸில் அந்த மூலையில் என் மகளின் பெயர் இருந்தது. கடைப் பெயரைத் தேடினேன். கிடைக்கவில்லை.

கண்காட்சியில் எது நிலா, எது அப்பளம் என்று கண்டுபிடிக்கச் சொல்லி வந்தவர்களை எல்லாம் அவள் நிறுத்தினாள். சீட்டைக் கடைசியில்தான் திருப்பிக் காட்டினாள். காயிலைக் கட்டுகிற நூலில் தொங்கின அந்தச் சீட்டுகள். பக்கத்திலேயே அவளுடைய நாற்பது பக்க நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். அதற்கும் ஒரு சீட்டு. 'முழுவதும்: நான்' என்று இருந்தது. பென்சிலில் வரைந்த அந்த நிலாக்களில் ஒன்றுகூட முழு வட்டமாக இல்லை. நடுவில் ஒரு நாள் மட்டும் காலியாக இருந்தது. அதன் கீழே 'பார்க்கவில்லை' என்று எழுதி வைத்திருந்தாள்.

பரிசு வேறு ஒரு பிள்ளைக்கு, சாணத்தில் விளக்கெரித்ததற்காகக் கிடைத்தது. அதுவும் நல்ல விளக்குதான்.

குரூப்பில் அந்த நிலா யாருக்குச் சொந்தம் என்று இன்றுவரை முடிவாகவில்லை. போன் கம்பெனிக்காரனுக்குத்தான் என்று மைத்துனன் சொல்கிறான். அப்படியானால் எல்லாப் பௌர்ணமிக்கும் அவனிடம் கேட்க வேண்டுமா என்கிறார் அண்ணாச்சி. கேட்டுப் பழகுங்கள் என்று நான் சொன்னதை மகள் ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தாள்.

ஆனியில் சாரல் விழ ஆரம்பித்தது. முதல் தண்ணீர் விழுந்த அன்று ஐந்தருவிக்கு முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். படம் எடுத்துப் போட்டேன். உடனே அண்ணாச்சியின் குரல்பதிவு வந்தது. "வே, இது விழுத தண்ணியா, போன் வரைஞ்ச தண்ணியா?"

ஈரக் கையோடு எழுத்தைத் தேடித் தேடி நானே அடித்தேன். 'தண்ணீர்: மலை. படம்: நான். சந்தேகம் இருந்தா வந்து தலையைக் குடுத்துப் பாருங்க.'

முக்கால் மணி நேரத்தில் துண்டோடு வந்து நின்றார்.